மூன்று கோட் கறுப்பு

கறுப்பைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஆம்பூர் பக்கத்தில் ஒரு தோல் தொழிற்சாலையில் ஃபினிஷிங் லேபில் வேலை. பதப்படுத்திய தோலுக்குக் கடைசியாக நிறமும் பளபளப்பும் ஏற்றும் பிரிவு. ஒரு துண்டுத் தோலை நீட்டி 'இதே கறுப்பு வேண்டும்' என்று கேட்டால், அது நீலம் ஓடும் கறுப்பா, சிவப்பு ஓடும் கறுப்பா, வெறும் கரிக் கறுப்பா என்று ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். கெமிஸ்ட்ரி படித்தவன் என்ற திமிர் வேறு. அந்தத் திமிரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன், படிக்கிறவர்கள் என்னை நல்லவன் என்று நினைத்துவிடக் கூடாது.

லேபில் ஒரு கேமரா இருந்தது. சாம்பிள் தோல்களைப் படமெடுத்து அனுப்பக் கம்பெனி வாங்கிக் கொடுத்தது. அதற்குப் பொருந்துகிற மாதிரி ஒரு நீள லென்ஸை நான் சொந்தமாக வாங்கி, பௌர்ணமியன்று வீட்டு மாடியிலிருந்து நிலாவை எடுத்தேன். பள்ளமெல்லாம் தெரிந்தது. அந்தப் படத்தை லேபில், கேண்டீனில், கேட்டில் என்று ஒருவர் விடாமல் காட்டியாகிவிட்டது. நிலாவை எடுத்தவனுக்கு அடுத்து சூரியன்தானே. அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில் சூரிய கிரகணம் வந்தது. தெற்கே சில ஊர்களில் வளையமாகத் தெரியும், எங்கள் பக்கம் வளையம் இல்லாவிட்டாலும் பிறை மாதிரி ஆகிவிடும் என்றார்கள்.

கிரகணத்துக்கு ஒரு வாரம் முன்னால், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அறிவியல் ஆர்வலர்கள் சிலர் மேசை போட்டு அட்டைக் கண்ணாடி விற்றார்கள். லென்ஸுக்கு முன்னால் ஒட்டுகிற ஃபில்டர் தாளும் அவர்களிடம் இருந்தது. கையில் வாங்கிப் பார்த்தேன். வெள்ளி நிறத்தில், கசங்கிய பிஸ்கட் பாக்கெட் மாதிரி இருந்தது. கொல்லன் தெருவிலேயே ஊசி விற்கிறார்களே என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிட்டேன். நாள் முழுக்கக் கறுப்பு கலக்குகிறவனுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி செய்துகொள்ளத் தெரியாதா?

செய்தேன். லேபில் தோலுக்கு மேல்பூச்சாக அடிக்கிற லேக்கரைச் சோதிக்க, சின்னக் கண்ணாடித் தகட்டில் ஊற்றிக் காயவைத்துப் பார்ப்பது வழக்கம். முதலில் கரி கலந்த கறுப்பை ஊற்றிப் பார்த்தேன். புள்ளி புள்ளியாகத் திரண்டு, சூரியன் மங்கலாகத் தெரிந்தது. அசிங்கமாக இருக்கிறதே என்று துடைத்தெறிந்தேன். பிறகு சாயக் கறுப்பு. அது கரி இல்லை, முழுக்கக் கரைகிற சாயம், டிகாஷன் மாதிரி தெளிவாக இருக்கும். ஒரு கோட், காயவிட்டு இன்னொரு கோட், அதன்மேல் மூன்றாவது. ட்யூப் லைட் பக்கம் பிடித்தால் லைட் இருப்பதே தெரியவில்லை. சூரியனுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் ஓரம் வெட்டினாற்போல் சிவப்பாக ஒரு வட்டம். இவ்வளவு சுத்தமான கறுப்பை அந்த மேசைக்காரர்கள் வாழ்நாளில் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். லென்ஸுக்கு முன்னால் டேப் போட்டு ஒட்டினேன்.

இங்கே அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூடப்பிறந்தவர் இல்லை. நாட்றம்பள்ளிப் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அசார்ட்டிங் டேபிளில் வேலை. வடக்குப் பார்த்த பெரிய ஜன்னலுக்கு அடியில் தோலை விரித்து, புரட்டிப் பார்த்து, தரம் பிரிக்கிற வேலை அது. மாடு உயிரோடு இருந்தபோது உண்ணி கடித்த இடம், முள் கிழித்து ஆறிய இடம் எல்லாம் அவர் கண்ணுக்குத் தப்பாது. சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுவிட்டு அடுத்த தோலுக்குப் போய்விடுவார். நான் அடித்த கோட்டில் ஊசிமுனை அளவு குமிழி இருந்தால்கூட லேபுக்கே கொண்டுவந்து காட்டுவார். 'உன் பெயிண்ட்ல அம்மை போட்டுக்குதுபா' என்பார். எனக்கு ரோஷமாக இருக்கும், ஆனால் வட்டத்துக்குள்ளே உற்றுப் பார்த்தால் குமிழி இருக்கும். அந்த டேபிளில் சேர எத்தனையோ பேர் கேட்டும் கிடைக்காத இடம் அவருடையது. அதில் அவருக்குப் பெருமை உண்டு, வாய்விட்டுச் சொல்ல மாட்டார்.

கிரகணத்தன்று பத்து மணி டீயை ஒன்பதரைக்கே விட்டுவிட்டார்கள். ஷெட்டுக்குப் பின்னால், தோல் காயப்போடுகிற திடலில் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தினேன். பின்பக்கத்துத் திரையில் பிறைச் சூரியன் வந்தது. ஆனால் வெயிலில் திரை சரியாகத் தெரியவில்லை. உடனே ஒரு யோசனை. கழித்துப் போட்ட கறுப்புத் தோல் ஒன்றை எடுத்து, என் தலைக்கும் கேமராவுக்கும் சேர்த்துப் போர்த்திக்கொண்டேன். உள்ளே இருட்டில் திரை பளிச்சென்று தெரிந்தது. வரிசையாக வந்து தோலுக்குள் தலையை விட்டுப் பார்த்தார்கள். 'டாப்பா கீதுபா!' என்றார் ஸ்ப்ரே ஆப்பரேட்டர். எனக்குக் கால் தரையில் இல்லை.

அக்கா தள்ளி ஷெட் நிழலிலேயே நின்றார். விடிவதற்கு முன்பே சமைத்துச் சாப்பிட்டு, மிச்சம் இருந்ததில் தர்ப்பையைப் போட்டுவிட்டு வந்தவர். டீ கூடக் குடிக்கவில்லை.

"வாக்கா, வந்து பாரு. ராகுவும் இல்ல, பாம்பும் இல்ல. வெறும் நிலா குறுக்க வருது, அவ்ளோதான்."

"எனக்கு வாணாம்பா. பாக்கக் கூடாதுன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க."

"பெரியவங்களுக்கு இன்னா தெரியும்? அவங்ககிட்ட இந்த மாதிரி கேமரா இருந்துச்சா? கண்ணு இருந்தும் பாக்க மாட்டேன்னா எப்படிக்கா? தோல்ல உண்ணிக் கடியெல்லாம் பாக்கற, வானத்துல இருக்கறதைப் பாக்க மாட்டியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரிப்பதற்காகத்தான் அப்படிச் சொன்னேன். அக்காவும் சிரித்துக்கொண்டே வந்தார். ஆனால் போர்த்தியிருந்த தோலைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"கிரகணத்தன்னிக்குப் போயி தலை மேல தோலைப் போடச் சொல்றியா? நாளெல்லாம் கையில தொடறது வேற. தலையில வாணாம்பா."

அதில் ஒரு நியாயம் இருப்பதாக எனக்கு அப்போது படவில்லை, இப்போதும் படவில்லை. ஆனால் அவ்வளவு தூரம் வரவழைத்தவரை விட மனசில்லை. கேமராவின் மேலே கண் வைத்துப் பார்க்கிற சின்ன ஓட்டை ஒன்று உண்டு. லென்ஸ் வழியாக வருகிற வெளிச்சம் நேராக அதற்குள் வரும். "அப்போ தோல் வேணாம். இந்த ஓட்டையில பாரு" என்றேன்.

"கண்ணுக்கு ஒண்ணும் ஆவாதே?"

"ஒண்ணும் ஆகாதுக்கா. நான் கேரண்டி. மூணு கோட் அடிச்சிருக்கேன்."

வலது கண்ணை வைத்தார். முதலில் 'ஒண்ணும் தெரியலியே' என்றார். கேமராவைக் கொஞ்சம் நகர்த்திக் கொடுத்தேன். பிறகு பிறை கிடைத்துவிட்டது. வாய் லேசாகத் திறந்திருந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு சின்னப்பிள்ளைத்தனத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கண்ணை எடுக்கப் போனவரை, "இன்னும் பாருக்கா, இனிமே எப்போ வருமோ" என்று மறுபடி வைக்கச் சொன்னேன். நான்தான் சொன்னேன். இரண்டு நிமிஷம் இருக்கும், கூடவும் இருக்கலாம்.

அந்த ஓட்டை வழியாகச் சூரியனைப் பார்க்கக் கூடாது என்று கேமராவோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. படித்திருந்தேன். கறுப்புதான் போட்டாயிற்றே, அப்புறம் என்ன என்று சமாதானம் வைத்திருந்தேன். ஆனால் காலையிலிருந்து நான் ஒரு தடவைகூட அந்த ஓட்டையில் கண்ணை வைக்கவில்லை. திரையில்தான் பார்த்தேன். ஏன் என்று அப்போது என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. பிறகு கேட்டுக்கொண்டதில் ஒரே பதில்தான் வந்தது: உள்ளுக்குள் பயம் இருந்தது. அக்கா கண்ணுக்குக் கேரண்டி கொடுத்தவன் என் கண்ணுக்குக் கொடுத்துக்கொள்ளவில்லை.

மத்தியானம் சாம்பிள் தோல்களைப் படம் எடுத்தேன். எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி. தோலை மாற்றினேன், லென்ஸைத் துடைத்தேன், லென்ஸையே மாற்றினேன். புள்ளி நகரவில்லை. கேமராவுக்குள் படம் பதிகிற தகடே அந்த இடத்தில் சுட்டுப்போயிருந்தது. வெளிச்சத்தைத்தான் தடுத்துவிட்டோமே, பிறகு கேமராவின் உள்ளே எது சுட்டது?

வீட்டுக்கு வந்து செல்போனில் தேடிப் படித்தேன். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம் ஒன்று, தெரியாத அகச்சிவப்புக் கதிர் இன்னொன்று. பார்வைக்குக் கறுப்பாக இருக்கிற பல சாயங்கள் அந்த இரண்டாவதைத் தாராளமாக உள்ளே விட்டுவிடும். நீள லென்ஸ் அதைக் குவித்து நேராகக் கண்ணுக்குள் இறக்கும். கண்ணின் உட்சுவரான விழித்திரையில் வலி நரம்பு கிடையாது, எனவே பார்க்கிறவருக்குத் தெரியாது. டிவி ரிமோட்டில் வருவதும் இந்தக் கதிர்தான் என்று அங்கேயே போட்டிருந்தது.

என் கறுப்பை ஆட்களிடம் காட்டுவதற்காகக் கண்ணாடியைப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். எடுத்து ரிமோட்டின் முனையில் வைத்தேன். வெளிச்சம் ஓரத்தில் கசியாதபடி சுற்றிலும் துணியால் பொத்தினேன். பட்டனை அழுத்தினேன்.

டிவி ஆன் ஆகிவிட்டது.

நம்பாமல் அணைத்தேன், அதே கண்ணாடி வழியாகவே அணைந்தது. மறுபடி அழுத்தினேன், வந்தது. செய்தியில் யாரோ ஒரு ஜோசியர் உட்கார்ந்து, கிரகணத்தைப் பார்த்தவர்கள் செய்ய வேண்டிய பரிகாரங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்துச் சிரிக்கிற யோக்கியதை எனக்கு அன்றோடு போயிற்று. அக்காவின் நம்பர் என்னிடம் இருந்தது. போனை எடுத்து, கூப்பிடாமலே கீழே வைத்தேன். ஒன்றும் ஆகியிருக்காது, வீணாக ஏன் பயமுறுத்துவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயந்தது அவருக்காக இல்லை, எனக்காக.

மறுநாள் காலை அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டே லேபுக்கு வந்தார். "கண்ணுல இன்னாவோ தூசு மாதிரி நிக்குதுபா. தண்ணி ஊத்திக் கழுவினேன், போவல." என் வாய் என்ன சொன்னது தெரியுமா? "டஸ்ட்டா இருக்கும்க்கா."

நாலு நாள் கழித்து வேலூருக்குப் போய்க் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார். சூரியனைப் பார்த்தீங்களா என்று டாக்டர் கேட்டாராம். வலது கண்ணுக்குள்ளே, சரியாக நடுவில், சின்னதாகச் சுட்ட தழும்பு. மருந்து கிடையாது, போகப் போகக் கொஞ்சம் தெளியலாம் என்று அனுப்பிவிட்டார். இதைச் சொல்லும்போது அக்கா என்னைக் குற்றம் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பாக்கக் கூடாததைப் பாத்தேன், சாமி காட்டிடுச்சு" என்றார். "உன் மேல இன்னா தப்பு? நீ கூப்ட்ட. எனக்கு எங்க போச்சு புத்தி?"

இந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். ராகுவும் இல்லை பாம்பும் இல்லை என்று நாலு பேர் நடுவில் முழங்கியவன், சாமியும் இல்லைக்கா, என் சாயம்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். மூடநம்பிக்கை என்று நான் கேலி செய்ததற்குப் பின்னாலேயே போய் ஒளிந்துகொண்டேன். அங்கே நல்ல நிழலாக இருந்தது.

அப்புறம் நடந்ததை லேப் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அக்கா தோலைப் பார்க்கும்போது தலையைக் கொஞ்சம் சாய்க்க ஆரம்பித்தார், நடுவில் தெரியாததை ஓரக்கண்ணால் பிடிக்க. சாக்பீஸால் வட்டம் போடுவார். சூப்பர்வைசர் வந்து பார்த்தால் வட்டத்துக்குள் ஒன்றும் இருக்காது. கறை தோலில் இல்லை, அவர் கண்ணில் இருந்தது. இரண்டு மாசத்தில் அவரை டேபிளிலிருந்து எடுத்து, ஓரம் வெட்டுகிற இடத்தில் போட்டுவிட்டார்கள். வெட்டிய தோல் துண்டுகளைக் கூடையில் அள்ளிக்கொண்டு லேப் வாசல் வழியாகத்தான் போவார். குமிழி காட்ட லேபுக்கு வருவது நின்றுபோனது.

என் கேமராவிலும் அதே மாதிரி ஒரு கறை இருந்தது. அதற்கு என்ன செய்தேன்? ஒவ்வொரு படத்திலும் கம்ப்யூட்டரில் அந்தப் புள்ளியை அழித்துவிட்டு அனுப்பினேன். அரை நிமிஷ வேலை. கடைசியில் கேமரா பழசாகிவிட்டது என்று சொல்லிக் கம்பெனி வேறொன்று வாங்கியது. ஒருவரும் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை.

அடுத்த வருஷம் அக்கா சோளிங்கருக்குப் போய் மலைப்படி முழுக்க ஏறினார். ஆயிரத்துக்கு மேல் படி. நரசிம்மர் முன்னால் தப்புக்கு மன்னிப்புக் கேட்டதாகச் சொன்னார். ஒரு கண் சரியில்லாமல் படியின் ஆழம் பிடிபடவில்லையாம், இரண்டு இடத்தில் தடுக்கி முட்டித் தோல் பெயர்ந்திருந்தது. அப்படியும் லேபுக்கு வந்து எனக்குப் பிரசாதம் கொடுத்தார். நான் வாங்கிச் சாப்பிட்டேன்.

வருஷங்கள் ஓடின. சொந்தமாக ஒரு கேமரா வாங்கினேன், லென்ஸுக்கு முன்னால் மாட்டுகிற சரியான சோலார் ஃபில்டரும் வாங்கினேன். அந்தக் கசங்கிய பிஸ்கட் பாக்கெட் தாள்தான். இப்போது யாராவது கேட்டால் ஒரு வாத்தியார் கணக்காகச் சொல்கிறேன்: சூரியனுக்கென்றே செய்த ஃபில்டர் இல்லாமல் லென்ஸைத் திருப்பாதே, ஃபில்டர் முன்னால்தான் இருக்க வேண்டும், ஓட்டையில் கண் வைக்காதே, திரையில் பார், நிலாவுக்கு எதுவும் வேண்டாம். எப்படித் தெரிந்துகொண்டேன் என்று மட்டும் சொல்வதில்லை.

இந்த வருஷம் மாசிப் பௌர்ணமியன்று நிலா கிரகணத்தோடேயே எழுந்தது. ஷிஃப்ட் முடிந்து, கேட்டுக்கு வெளியே பஸ் நிற்கிற இடத்தில் ஸ்டாண்டைப் போட்டேன். கிழக்கு மலைக்கு மேலே வந்தபோது ஓரத்தில் ஒரு சின்னக் கடி மட்டும்தான் மிச்சம். பஸ்ஸுக்கு வந்த அக்கா பக்கத்தில் நின்றார். லென்ஸின் முன்பக்கத்தைக் குனிந்து பார்த்தார்.

"இன்னாபா, இதுக்குக் கறுப்புக் கண்ணாடி ஒட்டலியா?"

"நிலாவுக்கு வேணாம்க்கா. நிலாவால கண்ணுக்கு ஒண்ணும் ஆகாது."

'ஒண்ணும் ஆகாது' என்று என் வாயாலேயே மறுபடி வந்துவிட்டது. அவர் கேட்டதற்குப் பதில் சொன்ன வேகத்திலேயே மற்றதையும் சொல்லிவிட்டேன். மூன்று கோட் சாயம், அகச்சிவப்பு, ரிமோட், டிவி ஆனது, எல்லாம். சாமி குத்தம் இல்லைக்கா, என் குத்தம் என்றேன்.

பஸ் டிரைவர் ஹாரன் அடித்தார்.

"ரிமோட்டு வெச்சுப் பாத்தியே, அது எப்போ?"

"அன்னிக்கு சாயங்காலமே."

"நான் மலை ஏறறதுக்கு முன்னாடி."

"ஆமாக்கா."

தலையை லேசாகச் சாய்த்து என்னைப் பார்த்தார். என் முகத்தின் நடுவில் அவருக்கு என்ன தெரிந்ததோ தெரியாது. கோபப்படுவார் என்று நின்றேன். அவர் குரலில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது.

"ஒவ்வொரு படிக்கும் உனக்கும் சேத்துதான்டா வேண்டிக்கினு ஏறினேன். நீயும் அதே ஓட்டையிலதானே பாத்திருப்ப, எனக்கு ஆன மாதிரி உனக்கும் ஆயிடப் போவுதுன்னு பயந்துகினே ஏறினேன்."

நான் அந்த ஓட்டையில் பார்க்கவே இல்லை என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். வாயைத் திறந்தேன். அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் படியில் காலை வைத்தார். ஆழம் பிடிபடாமல் ஒரு தரம் தப்பி, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.